ஊசி போடும் சிக்குக் கோலம்

மார்கழி விடியலில் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயில் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், குவில்ட்டுக்கு ஒரு வருஷத்துக்கான டிசைன் கிடைத்துவிடும். ஃப்ரீ மோஷன் தையலுக்குச் சிக்குக் கோலம்போல் வேறொன்று இல்லை என்பேன். நூலை அறுக்காமல் ஓட்டிக்கொண்டே போவதுதானே இந்தத் தையலின் உயிர்!

மெஷினில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட் மாட்டுங்கள். இனி துணியை நகர்த்துவது நம் கைகள்தான். மிதி வேகம் சீராக இருக்கட்டும். கை வேகமாக நகர்ந்தால் தையல் நீளும், மெதுவானால் பொடியாகும். அடிநூலை மேலே இழுத்து, நாலைந்து பொடித் தையல் போட்டுத் தொடங்கினால் பிரியாது.

எல்லாரும் முதலில் பழகும், வளைந்து வளைந்து போகும் ஸ்டிப்பிளிங் தையலில் கோடு தன்னைத்தானே வெட்டாது. சிக்குக் கோலம் வெட்டி வெட்டித்தான் புள்ளிகளைச் சுற்றும். வெட்டும் இடத்தில் கை தயங்கினால் நூல் குவிந்துவிடும். நிற்பதானால் வளைவுக்கு முன்னாலேயே நின்று, ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு அடுத்த புள்ளியைப் பாருங்கள்.

இந்தக் கோடுகளுக்குள் இருக்கும் ஒழுங்கு சாதாரணமானதல்ல. 1970-களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவினரும் கோலங்களைக் கணினி இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார்கள். நம் ஆச்சிமார் விரல்நுனியில் வைத்திருந்த கணக்கு அது.

தைக்கும் முன் கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். சில கோலங்கள் ஒரே இழை. சில இரண்டு மூன்றாகப் பிரியும். பிரிந்தால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு நிற நூல் போடலாம். பழைய பருத்திச் சேலையில் அது அத்தனை அழகு!