வழி அமைத்தவர்

அல்சூர் ஏரியின் ஒரு புறத்தில் நம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், மறுபுறத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகமும் அமைந்திருப்பதை நம்மவர் அனைவரும் அறிவர். 1780-ஆம் ஆண்டில் சென்னையில் இரு சிறு அணிகளாகத் தோன்றிய அப்படையின் வீரர்களை இராணுவத்தார் 'தம்பி' என்றே அழைப்பர். அத்தம்பிகளுள் ஒருவர் எங்கள் இல்லங்களில் 'சுபேதார் ஐயா' என்று வழங்கப்பெற்றவர். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி அல்சூருக்குக் குடிவந்த எங்கள் சில குடும்பங்களுக்கு அவர் ஊர்க்காரர், உறவுமுறைக்கும் பெரியவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அவரைப் பற்றிப் பேசாமல் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றும் நடந்தேறியதில்லை.

1962-இல் சீனப் போர் மூண்ட காலத்தில் படையிற் சேர்ந்தவர் அவர். சாப்பரின் தொழில் சண்டையிடுவதோடு முடிவதன்று. ஆற்றின்மேல் பாலம் கட்டுவதும், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பாதை திறப்பதும் அவன் கடமை. பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் பத்தடி நீளம். அதைத் தூக்க ஆறு பேர் வேண்டும். "அந்த ஆறு பேர்ல ஒருத்தன் தோளைக் குறைச்சாலும் மத்த அஞ்சு பேர் முதுகும் போயிடும்" என்பார். 1971 டிசம்பரில், ஷகர்கர் முனையில் பசந்தர் ஆற்றங்கரையில், நம் டாங்கிகள் முன்னேறுவதற்காகக் கண்ணிவெடி வயலினூடே வழி திறந்த சாப்பர்களுள் அவரும் ஒருவர். அன்றிரவைப் பற்றி நாங்கள் துருவித் துருவிக் கேட்டபோதெல்லாம் அவர் கூறியது ஒன்றே: "பாதை போடறவன், அதுல யார் போறாங்கன்னு கேக்கக் கூடாதுப்பா."

இருபத்தெட்டு ஆண்டுப் பணிக்குப் பின், 1990-இல் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினார். பெங்களூரிலேயே தங்கிவிடுமாறு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தியும் இசையவில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை ஒட்டி, 1996 அக்டோபரில் தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. ஊரார் கேட்டுக்கொள்ள, அவர் ஊராட்சித் தலைவரானார். பட்டாளத்துக்காரர் கணக்கில் பிசகமாட்டார் என்பதே ஊராரின் எண்ணம். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்டனர், அவையும் வந்தன. ஆனால் அவர் முதலில் எடுத்துக்கொண்ட வேலையோ, ஊரார் எவரும் கேளாதது.

ஊருக்குக் கிழக்கே காலனி. காலனி மக்களின் சுடுகாடு ஓடைக்கு அப்பால். ஊர்த்தெரு வழியே சென்றால் ஓடையைத் தொடாமலே போய்விடலாம். ஆயின் அவர்கள் பாடையை அத்தெருவில் கொண்டுபோக வழக்கமில்லை. எனவே மழைக்காலத்தில் ஒருவர் இறந்தால், மார்பளவு நீரில் பிணத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கடப்பார்கள். சிறுபிராயத்தில் விடுமுறைக்குச் சென்ற நாங்களும் அக்காட்சியைக் கரையிலிருந்து கண்டதுண்டு. அது பாலம் இல்லாத குறை என்றே பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்.

ஓடையின் குறுக்கே ஒரு சிறு பாலமும் அதற்கொரு பாதையும் அமைக்க, கிராம சபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் நிதியும் இருந்தது. ஆனால் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். அக்கையெழுத்து எட்டு மாதம் வரவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியிருந்த நாட்கள் அவை. 'போதும், விட்டுவிடுங்கள்' என்று எங்கள் வீட்டார் கடிதம் எழுதினர். பதில் கடிதத்தில் ஊர் மழை நிலவரமும், பாலத்துக்கு வேண்டிய சிமெண்டு மூட்டைக் கணக்குமே இருந்தன.

காலனி இளைஞர்களும் அவரை விட்டுவைக்கவில்லை. "தெரு எல்லாருக்கும் பொதுதானே ஐயா? எங்களுக்கு மட்டும் தனிப் பாதை எதற்கு?" என்று சபையிலேயே எழுந்து கேட்டனர். அவர் சினங்கொள்ளவில்லை. "நீங்க கேக்கறதுதான் நியாயம். ஆனா அடுத்த மழைக்குள்ள என்னால முடிஞ்சது இது" என்றார்.

1999-இல் பாலம் முடிந்தது. திறப்பு விழாவும் இல்லை, பெயர்க் கல்லும் இல்லை. 2001 தேர்தலில் அவர் தோற்றார். ஊர் வாக்குகள் சினத்தால் விலகின. காலனி வாக்குகளிற் பாதி, தெருவுக்காகப் பேசிய வேறொருவருக்குச் சென்றன. அவ்வாண்டு படைக் கேன்டீனுக்குப் பொருள் வாங்கப் பெங்களூர் வந்தவரிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். "பாலம் முடிஞ்சுது, தெரு இன்னும் முடியல" என்று கூறிவிட்டு, பையில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கலானார்.

2012-இல் அவர் காலமானபோது நாங்கள் ஊருக்குச் சென்றிருந்தோம். அவர் வீடு ஊர்த்தெருவின் நடுவில். காலனியிலிருந்து ஆணும் பெண்ணுமாக நூறு பேருக்குமேல் வந்து, பாடையின் பின்னே அத்தெரு முழுவதும் நடந்தார்கள். எவரும் தடுக்கவில்லை. மறுநாள் என்ன வழக்கம் என்று கேட்டோம். பழைய வழக்கமே என்றார்கள்.

இந்நகரில் நம் பக்கத்து வீட்டார் எத்தெருவிலிருந்து வந்தவர் என்று நாம் கேட்பதில்லை. ஒரே குழாயில் நீர் பிடிக்கிறோம். ஒரே சங்கத்தில் அமர்கிறோம். திருவிழாவுக்கு ஊர் செல்லும்போதோ, பேருந்தை விட்டு இறங்கியதும் பழைய தெருக்கணக்கு நம் நாவில் வந்து அமர்ந்துகொள்கிறது. படையில் இருபத்தெட்டு ஆண்டு கற்றதைச் சுபேதார் ஐயா ஊர் எல்லையில் இறக்கி வைக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்தைக் காட்டுவோம். அது ஏன் கட்டப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுவோம்.