பாப்பாவின் வேண்டுதலும் பாட்டியின் வேண்டுதலும்

காட்டுப்பன்றியை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தன் கொல்லைப் பக்கமே வந்துவிடக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்வராயன் மலையில், ஒரே வீட்டில், இந்த இரண்டு பேரோடும் ஒரு சனி, ஞாயிறைக் கழித்தேன். ஒருத்தி 10 வயதான என் மகள். இன்னொருவர் என் தோழியின் மாமியார்.

தோழி மலையிலிருந்து வந்து, கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி என்னோடு படித்தவள். 'மலையாளி' பழங்குடி. கேரளத்து மலையாளி இல்லை, நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள். "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாடி" என்று பல வருடங்களாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மலை ஏறினால் கரியாலூர். படகுத்துறை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று பார்த்துவிட்டு அன்று மாலையே இறங்கிவிடுவதுதான் வெளியூர்க்காரர்களின் வழக்கம். தோழி வீடு அந்தச் சாலையை விட்டுத் தள்ளி இருக்கிறது. முன்னால் ஒரு சின்ன ஏரி. பின்னால் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி. அதற்கு அடுத்து ஒரு வண்டிப்பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் காடு.

முதல் நாள் முழுக்க மகளுக்கு ஏரிதான். கோழிக்குஞ்சு அளவே இருக்கும் முக்குளிப்பான், கண்ணெதிரே முங்கி வேறெங்கோ போய் எழும். பாறையில் நீர்க்காகம் இரண்டு இறக்கைகளையும் விரித்தபடி நின்றது. அதன் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடும், அதனால் மீன் பிடித்து முடித்ததும் வெயிலில் காயவைக்கிறது என்று தோழியின் கணவர் சொன்னார். காட்டுக்கோழியின் சத்தம் கேட்டது, கோழி தென்படவில்லை. குரங்குக்கு பிஸ்கட் போடப் போன மகளை அவர் தடுத்துவிட்டார். "ஒண்ணு போட்டா போதும் பாப்பா, நாளைக்கு அடுப்படிக்கே வந்துடும்." இருட்டுவதற்குள் நோட்டில் 14 பெயர்கள் சேர்ந்துவிட்டன. "பன்றி மட்டும்தான் பாக்கி" என்றாள்.

அத்தை எதுவும் சொல்லவில்லை. தகர டின்னையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மகனோடு பரணுக்குக் கிளம்பினார்.

மரவள்ளி பத்து மாதப் பயிர். கிழங்கைப் பிடுங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புவார்கள். அந்தப் பணத்தில்தான் கடனும் அடைய வேண்டும், பேரனின் படிப்புச் செலவும் நடக்க வேண்டும். கிழங்கு முற்றும் நேரத்தில் பன்றி மோப்பம் பிடித்து வந்துவிடும். கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். காற்றில் ஆடும் சேலையைப் பார்த்தால் பன்றி தயங்குமாம். அதில் ஒன்று தோழியின் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த சேலை.

வேலியில் மின்சாரம் விடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தை கோபமாகிவிட்டார். "பன்னிதான் மிதிக்கும்னு என்ன நிச்சயம்? விறகுக்குப் போறவ மிதிச்சா?"

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் என்றால் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. காட்டுக்குள் பன்றியும் வேண்டியதுதான். மண்ணைக் கிளறிவிடுகிறது, வேட்டை விலங்குகளுக்கு இரையாகிறது. ஆனால், வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சேலையும் டின்னும்தான் கதி.

ஞாயிறு விடியற்காலை தோழி எங்களை எழுப்பினாள். ஏரியின் எதிர்க்கரையில் ஒரு தாய்ப் பன்றி, பின்னால் ஐந்து குட்டிகள். குட்டிகளின் உடம்பில் அணிலுக்கு இருப்பதுபோல நீளக் கோடுகள். வளர வளர அந்தக் கோடுகள் மறைந்துவிடும். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழகு! ஐந்து நிமிடம் தண்ணீர் ஓரம் மண்ணைக் கிளறிவிட்டு, வரிசையாகக் காட்டுக்குள் போய்விட்டன.

கொல்லைக்குப் போனால், ஒரு மூலையில் நாற்பது செடிகள் சாய்ந்து கிடந்தன. பரணிலிருந்து எட்டாத மூலை. அத்தை குனிந்து, கடிபடாத கிழங்குகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகளும் கூடவே உட்கார்ந்து பொறுக்கினாள். பிறகு மெதுவாக, "பாட்டி, நான் பன்றி வரணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

"நான் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு. சாமி ரெண்டு பேரையும் பாக்கணும்ல" என்று சிரித்தார் அத்தை. பொறுக்கியதைக் கழுவி வேகவைத்து, மிளகாய்ச் சட்னியோடு எங்களுக்கே காலை உணவாக வைத்தார்.

அடுத்த வருடம் மரவள்ளியை விட்டுவிட்டு எலுமிச்சை வைக்கலாம் என்கிறார் மகன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அது காய்க்க மூணு வருஷம் ஆவும். அதுவரைக்கும் எதைத் திங்கிறது?" நாங்கள் கிளம்பும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, சனிக்கிழமை தோறும் மகள் போன் போடுகிறாள். முதல் கேள்வி, "பன்றி வந்துச்சா பாட்டி?" கிழங்கு பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. "வரலை கண்ணு" என்று அத்தை சொன்னால், "அப்பாடா" என்கிறாள்.