அடிப்பலகை

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மாலை, நம் சங்கத்துச் செயலாளர் செம்பூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி அருந்தியபின் வந்த காரியத்தைச் சொன்னார்.

"உங்கள் தகப்பனார் காலத்து ஷெவர்லே வண்டி கொல்லையில் சும்மாதானே நிற்கிறது? வருகிற பொங்கலுக்கு அதைக் கொடுத்து உதவினால், கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டி, குழந்தைகளை ஏற்றி, மைதானத்தைச் சுற்றி மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரலாம். மும்பையில் பிறந்த குழந்தைகள். அவர்களுக்கு மாட்டு வண்டி காட்ட நாம் எங்கே போவது?"

நான் சற்றும் யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் நான் எதற்குச் சம்மதித்தேன் என்பது புத்தியில் உறைத்தது. அந்த வண்டியின் தளத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் நிற்கப் போகிறார்கள். அந்தத் தளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது செயலாளருக்குத் தெரியாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி 1951-ஆம் வருஷத்தது. அமெரிக்காவிலிருந்து உறுப்புகளாகக் கப்பலில் வந்து, பம்பாய் சிவ்ரியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 1928-ல் தொடங்கி 1954-ல் மூடப்பட்டுவிட்டது. முகப்பில் ஐந்து குறுக்குப் பட்டைகளும் ஆறு சிலிண்டர் எஞ்சினும் உள்ள அந்த வண்டியை என் தகப்பனார் 1962-ல் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாகவே வாங்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெறுங்கையோடு பம்பாய்க்கு வந்து, மாதுங்காவில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை வைத்தவர் அவர். அந்நாளில் மாதுங்காவிலும் சயானிலும் நடந்த எத்தனையோ தமிழ்க் கல்யாணங்களுக்கு அண்டாவும் குண்டாவும் இட்டிலிக் கொப்பரையும் சுமந்து சென்றது அந்த வண்டிதான்.

பாரம் ஏற்றும் பின்புறத் தொட்டியைக் குர்லாவில் ஒரு தச்சரைக் கொண்டு தகப்பனார் புதிதாகக் கட்டுவித்தார். ஆறரை அடி நீளம், நாலடி அகலம். ஓரங்குலக் கனத்தில் ஆறு தேக்குப் பலகைகள் நீளவாட்டில் கிடந்தன. அவற்றைத் தாங்க அடியில் நான்கு குறுக்குச் சட்டங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டு, அதன்மேல் இரும்புப் பட்டை பதித்து, உருண்டைத் தலை போல்ட்டுகளால் சட்டத்தோடு இறுக்கியிருந்தார்கள். அமெரிக்காவிலும் அக்காலத்து ஷெவர்லே பிக்கப்புகளின் தளம் மரந்தான். அங்கே பைன் பலகை போடுவார்கள். மரத்தளத்தில் பாத்திரம் வழுக்காது. அடிபட்டால் குழி விழாது. ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். இரும்புப் பட்டையோ, சாமான்களை இழுக்கும்போது பலகை தேயாமல் காக்கும்.

தகப்பனாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியில், மழை இறங்குவதற்கு முன், பலகைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவார். பூசுவதற்கு முன்னால் சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொரு பலகையையும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை தட்டிக்கொண்டே போவார். "நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும், கெட்ட பலகை முனகும்" என்பார். கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் அவர் பின்னாலேயே நின்று அதைக் காது கொடுத்துக் கேட்பான். எனக்கு அதில் சிரத்தை இருந்ததில்லை.

தகப்பனார் 1989-ல் காலமானார். கடை என் பொறுப்புக்கு வந்தது. 1994-ஆம் வருஷ மழைக்காலத்தில் மூன்றாவது பலகை ஓரிடத்தில் மெத்தென்று அமுங்குவதைக் கண்டேன். தச்சரை அழைத்துக் காட்டியதில், இரண்டு பலகைகளை மாற்ற வேண்டும், நாலு நாள் வேலை என்றார். அடுத்த மாதமோ ஆவணி. கல்யாணத்தின்மேல் கல்யாணம். நாலு நாள் வண்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தளம் முழுவதையும் மூடிப் பிளைவுட் பலகை ஒன்றை ஆணியடித்து, அதன்மேல் பச்சை வர்ணம் பூசிவிட்டேன். பார்ப்பதற்குப் புதுத் தளம் போலவே இருந்தது. தட்டிப் பார்த்தாலும் எங்கும் ஒரே சத்தம்.

அடுத்த வருஷம், 1995-ல், மூடிய இடம் வாயைத் திறந்தது. கல்யாணம் முடிந்து பாத்திரங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தபோது, பெரிய செப்பு அண்டாவைத் தோளில் தாங்கித் தளத்தில் ஏறிய அந்தப் பையனின் வலது கால், பிளைவுட்டையும் உளுத்த பலகையையும் ஒருங்கே பிளந்துகொண்டு கீழே போயிற்று. அப்போது அவன் பையனல்லன்; முப்பது வயதுக் குடும்பஸ்தன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நான் கொடுத்தேன். இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தேன். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "பாரத்தோடு குதித்துவிட்டான்; அவசரக்காரன்" என்று சொன்னேன். கடையின் பெயர் கெடக் கூடாதே என்ற பயம். அந்தச் சொல் மாதுங்கா முழுவதும் பரவிற்று. கால் குணமான பிறகு அவர் என்னிடம் திரும்பி வரவில்லை. பாத்திரக் கடைகள் வேறு எவையும் அவரைப் பாரவேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் உடைந்த இடத்தில் ஒரு துண்டுப் பலகையும் அதன்மேல் மற்றொரு பிளைவுட்டும் அடித்தேன்.

1999-ல் கடையை மூடினேன். வண்டி கொல்லைக்கு வந்தது. 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று வெள்ளம் வண்டியின் தளத்துக்குமேல் நின்று வடிந்தது. அதற்குப் பிறகும் நான் அந்தப் பச்சைப் பலகையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

மழை விட்டதும் ஐப்பசியில் வேலையைத் தொடங்கினோம். குர்லாவிலிருந்து வந்த மிஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பிளைவுட்டைப் பெயர்த்தெடுத்ததும் உள்ளேயிருந்து ஈர மண்ணின் வாடை வந்தது. மூன்றாவது, நாலாவது பலகைகள் கைவிரலால் பிட்டால் பிட்டுப்போகும் நிலையில் இருந்தன. "மரத்தைத் தண்ணீர் தின்னவில்லை, சேட், காற்றில்லாமல் நின்ற தண்ணீர்தான் தின்றது" என்றார் மிஸ்திரி. உண்மைதான். திறந்து கிடக்கும் பலகை நனைந்தாலும் உலர்ந்துவிடும். மேலே மூடிவிட்டால், பட்டையின் அடியிலும் போல்ட்டுத் துளைகளிலும் பலகையின் வெட்டு முனைகளிலும் புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லை. நான் போட்ட மூடிதான் இரண்டு பலகைகளில் இருந்த நோயை ஆறுக்கும் பரப்பிற்று.

இருபத்தெட்டு போல்ட்டுகளில் ஒன்றாவது கழல வேண்டுமே! தலைக்குக் கீழே சதுரக் கழுத்துள்ள போல்ட் அது. அந்தச் சதுரம் மரத்தைக் கவ்விக்கொண்டால்தான் நட்டைத் திருப்ப முடியும். மரம் உளுத்திருந்தபடியால் போல்ட்டும் நட்டோடு சேர்ந்து சுழன்றது. முடிவில் ஒவ்வொன்றாய் அறுத்தே எடுத்தோம். குறுக்குச் சட்டங்களின் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசினோம்.

என் மகன் இரும்புத் தகடு போட்டுவிடலாம் என்றான். செலவு குறைவு என்பது வாஸ்தவம். நான் மரந்தான் வேண்டுமென்றேன். அடியில் இருப்பதைத் தட்டிக் கேட்கக்கூடிய தளமாக அது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பர்மாவிலிருந்து தேக்கு மரங்கள் உருட்டுக் கட்டைகளாக ஏற்றுமதியாவது 2014-ல் தடுக்கப்பட்டது. ஆனால் மும்பையில் பர்மாத் தேக்குக்கு வேறொரு காடு உண்டு. இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் உத்தரங்களே அந்தக் காடு. ரே ரோட்டு மரச் சந்தையில் அப்படிப்பட்ட உத்தரம் ஒன்றை வாங்கினோம். அறுப்பதற்கு முன் மிஸ்திரி ஒரு காந்தத்தை அதன்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, புதைந்து கிடந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்கினார். ஓர் ஆணி தப்பினால் ரம்பத்தின் பற்கள் போய்விடும். வெளிப்புறம் கரியாய்க் கறுத்திருந்த அந்த மரம், இழைப்புளி பட்டதும் தேன் நிறங்காட்டி மணத்தது.

பலகைகளை வெறுமனே அடுக்கிப் பார்த்து, மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து, இரண்டு அளவுகளும் ஒன்றாக வரும்வரை சரிசெய்தார் மிஸ்திரி. வெட்டு முனைகளில் வளையங்களின் போக்கைப் பார்த்து, வயிரப் பக்கம் மேலே வரும்படி வைத்தார். பலகை உலர்ந்து வளைந்தாலும் மேல்முகம் புடைக்குமேயன்றிக் குழியாது, தண்ணீர் தேங்காது. மழையில் மரம் உப்புவதற்கு இடம் விட்டு, இடைவெளியின்மேல் பட்டையை வைத்தார். பூட்டுவதற்கு முன்பே மேல், கீழ், பக்கங்கள், முனைகள் ஆகிய ஆறு முகங்களுக்கும், துளைகளின் உட்புறத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசினோம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடக்கூடாதென்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டோம். நாகம் பூசிய புது போல்ட்டுகள், அடியில் வாஷர், நட். ஒன்பது நாளில் வேலை முடிந்தது.

பத்தாம் நாள் நான் சயான் கோலிவாடாவுக்குப் போனேன். அவர் அங்கே சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. நடையில் இலேசான சாய்வு தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க, அண்ணாச்சி" என்றார். வழி நெடுக நான் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "தம்பி, நீ குதிக்கவில்லை. பலகை உளுத்திருந்தது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் மூடி வைத்தேன். பிறகு உன்மேல் பழி போட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. கடைக்கு வந்த ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நிறுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "கால் போனதைப் பற்றி நான் அவ்வளவாக நினைக்கவில்லை, அண்ணாச்சி. வேலையென்றால் அடிபடும். ஆனால், 'தம்பி, மூன்றாவது பலகை சரியில்லை, சட்டத்தின்மேல் காலை வை' என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பார்த்து மிதித்திருப்பேனே. பெரியவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்."

பெரியவர் என்று அவர் சொன்னது என் தகப்பனாரை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு வந்தார். ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, அதன் கைப்பிடியால் முதல் பலகையிலிருந்து ஆறாவது பலகை வரை தட்டிக்கொண்டே போனார். மூன்றாவது பலகையில் மட்டும் இரண்டு தடவை தட்டினார். பிறகு, நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றக் காலையும் தூக்கி வைத்துத் தளத்தின் நடுவில் ஏறி நின்றார். "கணீரென்றுதான் இருக்கிறது" என்றார்.

அவர் இறங்கிய பிறகுதான் செயலாளருக்குத் தொலைபேசியில், வண்டி தயார் என்று சொன்னேன். பொங்கலன்று குழந்தைகள் அதன்மேல் ஏறி நின்று கூச்சலிட்டதை நம் அன்பர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பழைய ஆறாவது பலகையில் கெடாதிருந்த இரண்டடித் துண்டை மணையாகச் செய்து, அதன்மேல்தான் பொங்கல் பானையை இறக்கி வைத்தோம். அதில் தகப்பனார் காலத்து அண்டாக்களின் அடிவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதிந்திருப்பதை இப்போதும் காணலாம்.

பழைய சாமான்களைச் செப்பனிடும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பலகை கெட்டுப்போவது யார் குற்றமுமன்று; மழையில் நிற்கும் மரம் என்றாவது ஒரு நாள் கெடத்தான் செய்யும். மாற்றக் கையில் காசில்லையானால், கெட்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஏறுகிறவர்கள் பார்த்து மிதிப்பார்கள்.