போகும்போதே வருகிறேன் என்பார்!

பாரிஸ் மாநகரின் வடபால், கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அணித்தாய் உள்ளது லா சப்பல் என்னும் பகுதி. 1980களிலிருந்து நம்மவர் பலர் கடைகள் வைத்து வாழும் இடம் அது. அங்கே குடியிருக்கும் என் தமக்கையாரைக் காணச் சென்றிருந்தபோது, பிரெஞ்சு மொழியின் முதற் பாடம் எனக்கு ஒரு கோப்பிக் கடையிலே கிடைத்தது.

பரிசாரகரை அழைத்தேன். அவரோ முதுகைக் காட்டி உள்ளே நடந்தவாறே, “ஜாரீவ்!” என்றார். ‘வந்து சேருகிறேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். போகிற மனிதர் வருகிறேன் என்கிறாரே என்று திகைத்தேன். “நாங்கள் குசினிக்குள் நின்று ‘இந்தா வந்திட்டன்’ எண்டு சொல்லுறேல்லையோ, தம்பி? அதுதான் இது” என்று தமக்கையார் சிரித்தார்.

அதன்பின் இத்தகைய சொற்களையே என் செவி தேடிற்று. பூட்டிய சிறு கடையின் கதவில் ஓர் அட்டை தொங்கும்: “ஜ ரவியேன் தூ த ஸ்வித்”, அதாவது ‘உடனே திரும்பி வருவேன்.’ போன நேரம் அதில் இராது. ஒரு நாள் அந்த ‘உடனே’ கால் மணி நேரமாயிற்று! “தெ மினுத்” என்றால் இரண்டு நிமிடம். ஆனால் எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சில நிமிடங்களிற் சந்திப்போர் “அ தூ த ஸ்வித்” என்று பிரிவர். அன்றைக்கே சற்றுப் பிந்திச் சந்திப்போர் “அ தூ தா லேர்” என்பர். விருந்தில் எழுந்து செல்பவர் “எக்ஸ்கூசே முவா” என்று மன்னிப்புக் கேட்பதே போதும். எங்கே என்று வினவுதல் பண்பன்று. பழைய மாடிவீடுகளில் வாயிற்காவற் பெண்ணின் அறைக்கதவிலே தொங்கிய அறிவிப்போ பெயர்பெற்றது: ‘காவற்காரி படிக்கட்டில் இருக்கிறாள்.’ எந்த மாடிப் படிக்கட்டு என்பதைத் தேடி வந்தவரே கண்டுகொள்ள வேண்டும்!

ஒரு மாலை, “அக்கா, இவர்கள் போவதைச் சொல்லாமல் வருவதையே சொல்கிறார்கள்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “நானும் அப்பிடித்தானே, தம்பி? 85ஆம் ஆண்டு படலையடியில் நின்று அம்மாவுக்குப் ‘போட்டு வாறன்’ எண்டுதான் சொன்னனான்” என்றார். அன்னையார் 1991இல் மறைந்தார். அவர் கண்மூடும் வரை தமக்கையாரால் ஊர் திரும்ப இயலவில்லை.

புறப்படும் நாளன்று, கார் து நோர் நிலையத்தில் வழக்கம்போல, “போய் வருகிறேன், அக்கா” என்றேன்.

“எப்ப?” என்று கேட்டார்.

அவ்வாறு எவரும் கேட்பதில்லை. வரும் ஆண்டு ஆனி மாதம் என்று சொல்லிவிட்டே வண்டியில் ஏறினேன். ஊர் வந்ததும் அதற்கெனப் பணம் சேர்க்கவும் தொடங்கிவிட்டேன். பிறமொழி பயிலும் மாணவர்களே, ‘வருகிறேன்’ என்பது எம்மொழியிலும் எளிய சொல்லே. அதைச் சொன்னவர் வரவேண்டும், அவ்வளவுதான்.