வெள்ளைக் கரடும் வெடிச் சத்தமும்

சேலத்துல இருந்து ஓமலூர் பஸ் ஏறுறீங்களா? வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிச்சுடுங்க. ஏற்காடு மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேர்னு மேடுகள் தெரியும். வெள்ளைக்காரங்க அதுக்கு 'சாக் ஹில்ஸ்'னு பேர் வெச்சாங்க. ஆனா அது சாக்பீஸும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேக்னசைட்! இந்தக் கல்லோட பேர்லயே 'மேக்னசைட் ஜங்ஷன்'னு ஒரு ரயில் நிலையம் இருக்கு. இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்குச் சூடு தாங்கும் செங்கல் இதிலிருந்துதான் வருது. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மெட்டலர்ஜி பசங்களுக்குப் பாடமே பக்கத்துலதான் கிடக்குது.

சரி, பாறையை எப்படி உடைக்கிறாங்க? துளை போட்டு, அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் 94:6 விகிதத்தில் கலந்த மருந்தை நிரப்பி, வாயை மண்ணால் இறுக அடைச்சு வெடிக்கிறதுதான் பொதுவான வழி. எல்லாக் குழியும் ஒரே நொடியில் வெடிச்சா பூமி குலுங்கும், ஊர்ச் சுவரில் விரிசல் விழும். அதனால குழிக்குக் குழி சில மில்லி செகண்ட் இடைவெளி விடுறாங்க. இதுக்குன்னே வந்தது 'நோனெல்' குழாய். மின்சாரம் இல்லாம அதிர்வலையாலேயே கேப்பை வெடிக்க வைக்கும். செல்போன், மின்னல் பயம் ரொம்பக் குறைவு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, பக்கத்து வீடுகள்ல குறைந்த அதிர்வெண் அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுவர்ல விரிசல் விட்ட வீட்டுக்காரர் கேள்வி கேட்க இந்த அஞ்சுதான் அளவுகோல்!

அப்படியே நாமக்கல்லுக்கு வண்டியைத் திருப்புங்க. ஊர் நடுவே நிற்கிற அந்த ஒற்றைப் பாறையில், 8-ஆம் நூற்றாண்டில் அதியமான்கள் குடைந்த நரசிம்மர் குகைக் கோயில் இருக்கு. வெடிமருந்தே இல்லாத காலம், வெறும் உளியும் சுத்தியலும்தான். இன்னிக்கும் சத்தமில்லாம கல்லைப் பிளக்க வழி இருக்கு. சுட்ட சுண்ணாம்புப் பொடியைத் தண்ணியில் கரைச்சுத் துளையில் ஊத்தினா, அது மெதுவா உப்பி, ஒரே ராத்திரியில் பாறையைப் பிளந்துடும். பெரிய கிரானைட் கல்லை அறுக்க வைரக் கம்பி ரம்பம் இருக்கு.

இங்கே எல்லாம் மேலே திறந்த வானம். பூமிக்கடியில் நிலக்கரி வெட்டுறவங்க கதை வேற. அங்கே மீத்தேன், கரித்தூசி! ஒரு பொறி போதும். 1965-ல் தோரி சுரங்க வெடிவிபத்தில் 268 பேர் செத்துப் போனாங்க. அதனாலதான் அங்கே உப்பு கலந்து சுடரைக் குளிர்விக்கும் தனி ரக வெடிமருந்தை மட்டும் அனுமதிக்கிறாங்க. துளை வாயை அடைக்கத் தண்ணிப் பை வெச்சா தூசியும் புகையும் அடங்கும். இன்னொரு வழி, இரும்புக் குழாயில் திரவ கார்பன் டை ஆக்சைடு. சூடானதும் வாயுவாகி விரிஞ்சு கரியை உடைக்கும், வெளியே தீ வராது.

இந்த வேலை பிடிச்சிருக்கா? கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படிப்பு இருக்கு. கேட்டுப் பாருங்க!