கேட்காமல் விட்டது

அந்த வாரம் என் மனைவிக்கு நைட் டூட்டி. ஏழரை மணிக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினால், மறுநாள் காலை எட்டரைக்குத்தான் திரும்புவாள். அப்படி ஐந்து இரவுகளில் நான் படித்து முடித்தது ஜான் லெ கார்ரேயின் ‘தி கான்ஸ்டன்ட் கார்டனர்’. 2001இல் வந்த நாவல். மருத்துவ மர்ம நாவல் என்று சொல்லித்தான் நண்பர் கொடுத்தார். நானும் கொலைகாரனைத் தேடித்தான் உள்ளே போனேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நைரோபியில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்குச் சேதி வருகிறது. வடக்கே துர்கானா ஏரிப் பக்கம் டெஸ்ஸா என்ற இளம்பெண் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். அவள் கணவன் ஜஸ்டின் அதே தூதரகத்தில் அதிகாரி. அவளோடு பயணம் போன டாக்டர் ஆர்னால்ட் ப்ளூமைக் காணவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து போனார்கள், ஒருத்தி செத்தாள், ஒருவன் மறைந்தான். ஊர் வாய்க்கு அது போதாதா? கள்ள உறவு என்று கதை கட்டி, கோப்பை மூடிவிடப் பார்க்கிறார்கள்.

ஜஸ்டின் பூச்செடிகளைப் பேணி வளர்க்கிற மனிதன், அதிர்ந்து பேசாதவன். மனைவி சேரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அலைகிறாள் என்று அவனுக்குத் தெரியும். என்ன செய்கிறாள் என்று கேட்பதில்லை. அவள் வழி அவளுக்கு, தன் வேலை தனக்கு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டது அது. அவள் செத்த பிறகுதான் அவள் விட்டுப்போன காகிதங்களையும் கணினியையும் துருவி, நாடு நாடாகப் போய், தன் மனைவி யார் என்று தெரிந்துகொள்கிறான். மூன்றாம் நாள் இரவு அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

டெஸ்ஸா தேடியது ஒரு மாத்திரையின் பின்கதையை. டைப்ராக்ஸா என்ற கற்பனை மருந்து, காசநோய்க்கு. அதை ஏழை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். சாகிறவர்களின் பெயர் பதிவேட்டிலிருந்தே போய்விடுகிறது. டெஸ்ஸாவுக்கு நைரோபி ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தே பிறக்கிறது. பக்கத்துக் கட்டிலில் அந்த மருந்தைத் தின்ற வான்ஸா என்ற பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குழந்தைக்கு டெஸ்ஸா தன் பாலைக் கொடுக்கிறாள். நாவலில் எனக்கு மறக்காத காட்சி இதுதான்.

காசநோய்க்கு ஏன் புது மருந்து என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் அம்மா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர். முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து. அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போனதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். முதல் நாள் அம்மா ரத்தம் என்று நினைத்து அழுதார். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும், “போதும்டா, சரியாயிடுச்சு” என்று ஆரம்பித்துவிட்டார். நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். இந்த ஆறு மாதத்தைச் சில நாட்களாகச் சுருக்கித் தருகிறவனுக்குக் கிடைக்கும் பணத்தை யோசித்தால், டைப்ராக்ஸா வெறும் கற்பனையாகத் தெரியாது.

நிஜத்திலும் நடந்தது. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் சுமார் 200 குழந்தைகளைச் சோதனையில் சேர்த்தது. பாதிப் பேருக்கு ட்ரோவன் என்ற புது மருந்து, மீதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. புது மருந்து தின்றவை 5, பழையதில் 6. சாவுக்குக் காரணம் நோய்தான், பெற்றோரிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றது நிறுவனம். சோதனை என்றே எங்களுக்குத் தெரியாது என்றார்கள் பெற்றோர். 2009இல் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சாவுக்கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. அந்தப் பெற்றோருக்குப் புரிகிற மொழியில் சொன்னார்களா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சோதனையே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தார்கள், மறு பகுதியினருக்கு நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது. வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்கக் காசநோயாளியை வீட்டுக்கு அனுப்பியது. என் அம்மா தன் அடுப்படியிலேயே நின்று மாத்திரை விழுங்கியது அந்த ஏழை நோயாளிகள் தந்த கொடை.

ஆறாம் நாள் காலை என் மனைவி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். கல்யாணமான புதிதில் வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போனவள், ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டாள். “போதும்னு தோணுச்சு” என்றாள். அதை அப்படியே விட்டுவிட்டேன். அது மரியாதை என்று பதினாறு வருடம் நினைத்திருந்தேன்.

“அங்க என்ன நடந்துச்சு?”

டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டு வேலைக்கு அந்த நாட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் நாலு பக்கச் சம்மதப் படிவம். இவள் சாட்சிக் கையெழுத்து. “இதுல என்ன இருக்குன்னு இந்தப் பொண்ணுக்குச் சொன்னீங்களான்னு கேட்டேன். கையெழுத்தைப் போடுங்க சிஸ்டர்னாங்க. போட்டுட்டேன்.” அந்தப் பெண்ணின் கட்டைவிரலில் அப்பியிருந்த மையை ஸ்பிரிட் பஞ்சால் இவள்தான் துடைத்தாளாம். நகக்கண்ணில் ஊதா நிறம் மட்டும் போகவில்லை. மறுநாள் டூட்டிக்குப் போனபோது கட்டிலில் வேறு ஆள். எங்கே மாற்றினார்கள் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

“நீங்க ஏன் இத்தனை வருஷம் கேக்கல?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சொன்னாள். ஊரையும் சொன்னாள். அன்று அவள் தூங்கப் போகப் பதினோரு மணி ஆகிவிட்டது.