பாலித் தீவில் இசை கேட்கச் செல்வோர்க்கு

தீவு என்னுஞ் சொல்லைக் கேட்டதும் விடுமுறையை நாடுவோர் மனக்கண் முன் எழுவன வெண்மணற் கரையும், தென்னஞ் சோலையும், நீலக் கடலுமேயாம். ஈழத்திற் பிறந்த நமக்கு இவை புதியனவல்ல. இவற்றைக் காண்பதற்காகப் பொருள் செலவழித்துப் பிறநாடு செல்ல வேண்டியதில்லை. ஆயின், ஒரு தீவின் மக்கள் தம் முன்னோரிடமிருந்து பெற்ற இசையையும் கூத்தையும் இன்றும் எங்ஙனம் பேணி வருகின்றனர் என்பதை அறியும் பொருட்டுக் கடல் கடத்தல் தகும். அத்தகைய பிரயாணத்துக்கு இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவைப் போன்று ஏற்ற இடம் வேறொன்று கிடைத்தல் அரிது.

பாலி நமது நாட்டின் பத்திலொரு பங்கிலும் சிறியது. அங்கு வாழும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுட் பெரும்பான்மையோர் இந்துக்கள். இராமனும் அருச்சுனனும் அனுமனும் அவர்தம் கூத்துக்களில் இன்றும் உலாவுகின்றனர். எனினும், அவர்களுடைய வழிபாடு நம்முடைய வழிபாட்டின் பிரதியன்று. அவர்களுடைய இசை நம் செவிகள் பழகிய இசையுமன்று. உறவினர் வீட்டுக்குச் சென்று, அங்கு முற்றிலும் புதியதொரு மொழியைக் கேட்பது போன்ற வியப்பே அத்தீவில் எமக்கு உண்டாயிற்று. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையைக் குடும்பத்தோடு அங்கே கழித்த நாம், அவ்வழியே செல்ல விரும்பும் வாசகர்களுக்குப் பயன்படுமெனக் கருதிச் சிலவற்றை இங்கு எழுதுகின்றோம்.

பஞ்சாங்கமே வழிகாட்டி

பாலிக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் விடுதியைத் தேடுவர்; அங்கு காணத்தக்கவை யாவை என்பதைப் பின்னரே வினவுவர். இசையை நாடிச் செல்வோர் முதலிற் பார்க்க வேண்டியது பாலியரின் பஞ்சாங்கமாகும்.

நம்மவர் அறிந்த சக ஆண்டுக் கணக்கு அங்கும் வழக்கிலுண்டு. அதனோடு 210 நாட்களைக் கொண்ட வேறொரு சுற்றும் உண்டு. கோயில்கள் பலவற்றின் ஆண்டுவிழா இந்த 210 நாட் கணக்கின்படியே வருகின்றது. அவ்விழாவை ‘ஒடாலான்’ என்பர். கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருத்தலின், தீவில் எங்கேனும் ஓரிடத்தில் ஒடாலான் நடவாத நாளைக் காண்பது கடினம். தங்குமிடத்தாரிடம் கடற்கரைக்கு வழி கேட்பதற்கு முன், ‘இவ்வாரம் எக்கிராமத்தில் ஒடாலான்?’ என்று கேட்பவருக்கு விடுமுறையின் பாதிப் பயன் அப்போதே கைகூடிவிடும்.

முன்னோர் இல்லந் திரும்பும் நாளெனக் கருதப்படும் ‘கலுங்கான்’ பெருவிழாவும் இக்கணக்கின்படி வருவதே. 2025ஆம் ஆண்டில் அது ஏப்ரல் 23ஆந் திகதியும், மீண்டும் நவம்பர் 19ஆந் திகதியும் வந்தது. அதற்குப் பத்தாம் நாள் ‘குனிங்கான்’. இவ்விரு நாட்களுக்கும் இடையே செல்பவர் தீவை அதன் நிறைந்த கோலத்திற் காண்பர். வீட்டு வாயில்தோறும் வளைந்த மூங்கிற் கொடிகள் அசைந்தாடும்.

சக ஆண்டுப் பிறப்பாகிய ‘நியெப்பி’ பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நிகழும். அதற்கு முந்திய மாலையில், பூத உருவங்களைத் தோளிற் சுமந்து, கைத்தாளமும் மத்தளமும் முழங்க இளைஞர் ஊர்வலம் வருவர். மறுநாட் காலை 6 மணி தொடங்கி 24 மணி நேரம் தீவு முழுவதும் மௌனம் அனுட்டிக்கும். விளக்கில்லை, தொழிலில்லை, வீதியில் நடமாட்டமில்லை. விமான நிலையமும் மூடப்படும். இசையிற் சிறந்த மக்கள் ஆண்டைத் தொடங்குவது மௌனத்தினாலென்பது எண்ணி மகிழத்தக்கது. பிரயாணத் திகதி குறிப்போர் அந்நாளை மறவாதிருத்தல் நன்று.

ஒன்றினுள் ஒன்று

பாலியரின் வாத்தியக் கூட்டத்துக்கு ‘கமெலான்’ என்று பெயர். வெண்கலத் தகடுகளை வரிசையாக மூங்கிற் குழாய்களின் மேற் கட்டித் தொங்கவிட்ட கருவிகள் பல. அவற்றைச் சிறு சுத்தியல்களாற் தட்டி ஒலிப்பர். குமிழ் வைத்த கலங்கள், கைத்தாளங்கள், புல்லாங்குழல், ஆணும் பெண்ணுமெனப் பெயரிடப்பட்ட இரண்டு மத்தளங்கள் ஆகியவை இவற்றோடு சேரும். நமது சேமக்கலத்திலும் பன்மடங்கு பெரிய தொங்குகலம் அடங்கிய குரலில் ஒவ்வொரு சுற்றின் முடிவையும் அறிவிக்கும். இருபத்தைந்து பேர் வரை ஒருங்கே அமர்ந்து வாசிப்பர்.

இக்கருவிகள் இரண்டிரண்டாகச் செய்யப்படுகின்றன. இணைந்த இரண்டும் ஒரே சுருதியிலிருப்பதில்லை. ஒன்று மற்றதிலும் இம்மியளவு கூடியது. இரண்டையும் ஒருசேரத் தட்டும்பொழுது ஒலி அலையலையாக நடுங்குகின்றது. அந்நடுக்கத்தை ‘ஓம்பாக்’, அதாவது அலை, என்று அழைப்பர். அஃதில்லாத கருவியை அவர்கள் உயிரற்றதெனக் கருதுவர். சுருதி சுத்தத்திற் பழகிய நம் செவிக்கு முதல் நாள் இது உறுத்தலாகவே இருந்தது. மூன்றாம் நாள் அந்த அலையில்லாத ஒலி வெறுமையாகத் தோன்றியது.

மற்றொரு நுட்பம் இதனினும் வியக்கத்தக்கது. மின்னல் வேகத்திற் கேட்கும் இன்னிசையை எவரும் தனித்து வாசிப்பதில்லை. ஒருவர் சில சுரங்களைத் தட்ட, அடுத்தவர் இடைப்பட்ட சுரங்களைத் தட்டுகின்றார். இரண்டும் பின்னிய பின்னரே பாட்டு உருவாகின்றது. ஒருவரை நிறுத்தினால் மற்றவர் வாசிப்பது பொருளற்ற துண்டாகி விடும். கோயிலில் மட்டுமன்றி வயல் நீரைப் பங்கிடுவதிலும் கூடியே தொழிற்படும் ஒரு சமுதாயம் இத்தகைய இசையைப் படைத்தது இயல்பே.

உபுட் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், இரவு எட்டு மணியளவில் நடந்த ஒத்திகையொன்றைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ‘பஞ்சார்’ என்னும் ஊர்ச்சபை உண்டு; அதற்கெனத் திறந்த மண்டபமும் உண்டு. வயலிலிருந்து வந்தவர், கடையை மூடி வந்தவர், பாடசாலை மாணவர் ஆகிய யாவரும் அங்கே சம்மணங் கொட்டி அமர்ந்திருந்தனர். எழுதிய சுரக்குறிப்பு எவரிடமும் இல்லை. ஆசிரியர் மாணவனுக்கு எதிரே அமர்ந்து, அதே கருவியை மறுபுறத்திலிருந்து தட்டுகின்றார். மாணவன் ஆசிரியரின் கைச் சுத்தியலைப் பார்த்துத் தான் தட்டுகின்றான். இம்முறைக்குச் ‘சுத்தியலைக் குருவாகக் கொள்ளல்’ என்பதே அவர்கள் இட்ட பெயர். பதினைந்து நிமிடம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்த ஒரு சிறுவனை எவரும் அதட்டவில்லை, நிறுத்தவுமில்லை. அவனுக்காக இருபது பேர் காத்திருந்தனர். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு அது நல்லதொரு பாடமாயிற்று.

உலோகம் உருகிய கதை

இத்தனை உயிர்ப்புடன் விளங்கும் இக்கலை இடையூறின்றி வந்ததென்று எண்ணலாகாது. 1906ஆம் ஆண்டிலும் 1908ஆம் ஆண்டிலும் ஒல்லாந்தர் படை தென்பாலியின் அரசுகளை அழித்தது. சரணடைய மனமில்லாத அரசரும் சுற்றத்தாரும் வெள்ளுடை தரித்துத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து மாண்டனர். அரண்மனைகள் ஆதரித்து வந்த மென்மையான இசை அதன்பின் ஆதரவிழந்தது. 1915ஆம் ஆண்டை ஒட்டி வடபாலியில் ‘கெபியார்’ என்னும் புதிய, வேகமிக்க இசைமுறை தோன்றியது. அதன் மீதெழுந்த மோகத்தால், பழைய கமெலான்கள் பல உருக்கப்பட்டுப் புதிய கருவிகளாக வார்க்கப்பட்டன.

1931ஆம் ஆண்டில் அங்கு சென்ற கனடா நாட்டு இசையறிஞர் கொலின் மக்ஃபி, மறைந்துகொண்டிருந்த அப்பழைய இசையைப் பல ஆண்டுகள் தங்கிக் குறித்து வைத்தார். அவருடைய பெருநூல் அவர் மறைந்தபின் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. வார்ப்புத் தொழிலைக் காண விரும்புவோர் குலுங்குங் மாவட்டத்திலுள்ள திகிங்கான் கிராமத்துக்குச் செல்லலாம். செம்பும் வெள்ளீயமும் உலையில் உருகி, சம்மட்டி அடியிற் கலமாக உருப்பெறுவதை ஆங்கு காணலாம்.

கோயிலும் மேடையும்

உல்லாசப் பிரயாணிகளின் வருகை பெருகியபோது வேறொரு வினா எழுந்தது. தெய்வத்துக்கென ஆடும் ஆட்டத்தைப் பணம் பெற்று மேடையில் ஆடலாமோ? 1971ஆம் ஆண்டில் பாலி அறிஞரும் கலைஞரும் கூடி இதனை ஆராய்ந்து, ஆடல்களை மூவகையாகப் பிரித்தனர். கோயிலின் உட்புறத்தில் வழிபாடாகவே ஆடுவன ஒருவகை. வழிபாட்டோடு ஒட்டி நிகழ்வன ஒருவகை. மக்கள் கண்டு களிப்பதற்கானவை ஒருவகை. யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டில் பாலி ஆடல்களை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றபோதும் இம்மூவகைப் பிரிவையே தழுவியது.

இதனால், மேடையிற் காண்பவை யாவும் போலி என்று ஒதுக்குதல் முறையாகாது. ஆடவர் பலர் வட்டமாக அமர்ந்து ‘சக் சக்’ என ஒலித்து இராமகாதையை நடத்தும் கெச்சாக், 1930களில் பழைய சடங்கொன்றின் பாட்டிலிருந்து உருவாக்கப்பட்டது. அதில் வால்ட்டர் ஸ்பீஸ் என்னும் ஜெர்மானிய ஓவியரின் பங்கும் உண்டு. உலுவாத்துக் கோயிலருகே கடலிற் கதிரவன் மறையும் வேளையில் அதனைக் காண்பது மறக்கவொண்ணாத காட்சியே. ஆயினும், மேடையில் ஒரு மணி நேரத்துள் யாவும் முடிந்துவிடும், கோயிலில் அவசரமில்லை. மேடையிற் கேட்பவர் நாம். கோயிலிற் கேட்பவர் தெய்வம்.

இவ்வேற்றுமை 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கொரோனா நோயினால் வெளிநாட்டார் வருகை நின்றது. ஒத்திகையில் எமக்கு அறிமுகமான ஒருவர், பகலில் வாடகை மோட்டார் ஓட்டுபவர், அக்காலத்தைப் பற்றிக் கூறினார். அவரை நாம் ‘பாக்’ என்று அழைத்தோம். தந்தை என்பது அதன் பொருள், மதிப்புக்குரிய ஆடவரை ஆங்கு அவ்வாறே அழைப்பர். “மோட்டார் ஓடவில்லை, விடுதி மேடை இருண்டது, கையிற் காசில்லை. ஆயினும் ஒடாலான் வந்தது. சிலரே சேர்ந்து வாசித்தோம்,” என்றார் அவர்.

பத்து நாட் பிரயாணம்

கொழும்பிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக டென்பசாரை அடையலாம். மழை குறைந்த ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையுள்ள காலம் ஏற்றது. 2024 பெப்ரவரி முதல் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா செலுத்துதல் வேண்டும். பண்பாட்டையும் சுற்றாடலையும் பேணுவதற்கென இது பெறப்படுகின்றது.

முதல் ஐந்து நாட்களை உபுட்டிற் கழித்தல் நன்று. மாலைதோறும் ஆடல் உண்டு. அயற் கிராமங்களில் ஒத்திகையும் திருவிழாவும் உண்டு. நிழற்பொம்மைக் கூத்து நிகழுமாயின் தவறவிடலாகாது. அதில் அரசரும் தேவரும் பழைய கவிமொழியிற் பேச, பணியாட்களாகிய கோமாளிகள் ஊர்மொழியிற் பொருள் விளக்குவர். நமது கூத்துக் கட்டியகாரனை அவர்கள் நினைவூட்டுவர். ஆறாம் நாள் திகிங்கான். ஏழாம் நாள் கிழக்கே தெங்கானான். இரும்புத் தகடுகளாலான பழமையான ‘செலோண்டிங்’ வாத்தியத்துக்கு அக்கிராமம் பேர்பெற்றது. எட்டாம் நாள் மேற்கே ஜெம்பிரானா. பெருமூங்கிற் குழாய்களாலான ‘ஜெகோக்’ ஒலிக்கும்போது நிலம் அதிர்வதை உள்ளங்காலால் உணரலாம். எஞ்சிய நாட்கள் டென்பசாருக்கு. ஜூன், ஜூலை மாதங்களிற் செல்வோர் 1979ஆம் ஆண்டு தொடங்கிய பாலி கலைவிழாவை அங்கே காணலாம்.

கோயிலுட் செல்வோர் இடையில் வேட்டி போன்ற துணியும், அதன்மேற் கச்சையும் கட்டுதல் கட்டாயம். வழிபடுவோர்க்கு முன்னே நடத்தலும், பூசகரினும் உயர்ந்த இடத்தில் நிற்றலும் ஆகா. வாத்தியத்தை எக்காரணம் பற்றியும் தாண்டலாகாது. புகைப்படக் கருவியைச் சிறிது நேரமாவது மூடி வைத்துக் கேட்பவரே இசையைப் பெறுவர்.

ஒரு வினா

விடைபெறும் நாளில் அந்தப் பாக் எம்மிடம் ஒன்று கேட்டார்: “உங்கள் ஊர்க் கோயிலில் வாத்தியம் வாசிப்பவர் யார்?”

நாதசுரத்தையும் தவிலையும் பற்றிப் பெருமையோடு எடுத்துரைத்தோம். அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவோர் சில குடும்பத்தார் என்றும், திருவிழாவுக்கு அவர்களை ஊதியம் பேசி அழைப்போமென்றும் கூறினோம்.

“அப்படியாயின், மற்றையோர் என்ன செய்வர்?”

“கேட்போம்,” என்றோம்.

அவர் மரியாதையுடன் தலையசைத்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நம் மேளகாரரின் வித்துவம் உலகறிந்தது. குடும்ப மரபாக வந்த இடையறாப் பயிற்சியின்றி அவ்வித்துவம் வாய்த்திராது. ஊரார் கூடி வாசிக்கும் பாலி முறையே உயர்ந்ததென நாம் சொல்லவில்லை. ஆயினும், எமது கல்லூரியில் வீணையும் வயலினும் கற்கும் மாணாக்கர் பலர். தவில் கற்க விரும்பி வந்த பிற குடும்பத்துப் பிள்ளை ஒருவனையேனும் இதுகாறும் நாம் கண்டிலோம். அக்கலையைப் போற்றுகின்றோம், ஆயின் அதனைச் சுமக்குங் கடமையை ஒருசிலர் தோளில் ஏற்றிவிட்டுச் சாதியின் பெயரால் எட்டி நிற்கின்றோம். அக்குடும்பங்களின் பிள்ளைகள் வேறு தொழிலை நாடினால் அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையுண்டோ?

பாலிக்குச் செல்லும் அன்பர்கள் வெண்கல ஒலியைச் செவியிலும், மரப் பொம்மைகளைப் பெட்டியிலும் கொண்டு வருவர். அவற்றோடு அந்தப் பாக் கேட்ட வினாவையும் கொண்டு வருவார்களாயின், அடுத்த திருவிழாவில் நம் கோயில் வீதியில் தவில் முழங்கும்போது, அதனை முன்னிலும் கருத்தூன்றிக் கேட்பார்கள்.